‘அந்தரமாக் கிடக்கு’ என்றால் என்ன எழுதுவீர்கள்? யாழ்ப்பாணத்தில் தாதியியல் படிப்பு முதல் உரிமப் பரீட்சை வரை: முழுமையான வழிகாட்டி

பயிற்சியின் முதல் வருடம். எனக்குத் தந்திருந்த கட்டிலில் எழுபது வயது தாண்டிய ஒரு அம்மா. பின்னேரம் இரண்டு, இரண்டரை இருக்கும். "பிள்ளை, ஒரு மாதிரி அந்தரமாக் கிடக்கு" என்றார். நான் ஃபேனைக் கூட்டிவிட்டு, தலையணையைச் சரிசெய்து, "பயப்படாதேங்கோ அம்மா, கெதியா வீட்டை போகலாம்" என்று சொல்லிவிட்டு, கொப்பியில் ‘நோயாளி பதற்றமாக இருக்கிறார்’ என்று எழுதினேன்.

அந்தப் பக்கமாக வந்த மூத்த தாதி அக்கா, அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்தார். கை வேர்த்துக் குளிர்ந்திருந்தது. உடனே விரலில் குத்திச் சீனி பார்த்தார். 48, ஆபத்தான அளவுக்குக் குறைவு. மத்தியானம் இன்சுலின் போட்டிருக்கிறது, அம்மா சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கவே இல்லை. அக்கா சீனித் தண்ணீர் கரைத்துப் பருக்கி, டொக்டருக்கு அறிவித்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பவும் குத்திப் பார்த்தார். அதுவரை என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. பிறகு ஒன்று மட்டும் கேட்டார்: "அந்தரம் எண்டு சொன்னவுடனை நீ ஏன் தொட்டுப் பார்க்கேல்லை?"

அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாப் பரீட்சையும் அந்தக் கேள்வியைத்தான் வேறு வேறு வடிவத்தில் கேட்டன. முதலாம் வருடத் தேர்வு, இறுதித் தேர்வு, வெளிநாட்டுக் கணினித் தேர்வு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நோயாளி சொன்னது காதில் விழுந்ததா, அதற்கு என்ன பொருள், முதலில் எதைச் செய்வாய்? நமக்கு நோயாளி சொல்வது தமிழில், அதுவும் யாழ்ப்பாணத் தமிழில். தேர்வு கேட்பது ஆங்கிலத்தில். இந்த இரண்டுக்கும் நடுவில் பாலம் போடத் தெரிந்த பிள்ளை எந்தத் தேர்வையும் தாண்டும். அந்தப் பாலத்தை முதல் நாளிலிருந்து எப்படிப் போடுவது என்பதைத்தான் எழுதுகிறேன்.

எந்த வாசலால் உள்ளே போவது

உயர்தரம் முடித்தவர்களுக்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. ஒன்று, பல்கலைக்கழகத் தாதியியல் பட்டம். உயிரியல் பிரிவில் படித்து, இசட் புள்ளி வெட்டுப்புள்ளியைத் தாண்டினால் கிடைக்கும். நான்கு வருடம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே இந்தப் பட்டம் இருக்கிறது. மற்றது, சுகாதார அமைச்சின் மூன்று வருட டிப்ளோமா. வர்த்தமானியில் அழைப்பு வரும், உயர்தரப் பெறுபேற்றை வைத்து எடுப்பார்கள். யாழ்ப்பாணத்தில் தாதியர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. பயிற்சிக் காலத்தில் மாதக் கொடுப்பனவும் உண்டு. அப்பா இல்லாத, கடனோடு இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பனவு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

"பட்டம் கிடைக்கேல்லை, டிப்ளோமாதான்" என்று தலை குனிகிற பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி நினைக்கவே வேண்டாம். டிப்ளோமா முடித்து வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் படிக்கலாம். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிராந்திய நிலையமும் இருக்கிறது. என் செட்டில் பலர் அந்த வழியால் போனவர்கள்தான்.

தனியார் நிறுவனத்தில் சேர்கிறவர்கள், காசு கட்ட முதல் ஒன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள்: இதைப் படித்து முடித்தால் இலங்கை தாதியர் சபையில் பதிய முடியுமா? வாயால் சொல்வதை நம்பிக் கட்டாதீர்கள். பதிவு இல்லாத சான்றிதழை எந்த நாட்டின் உரிமப் பரீட்சைக்கும் கொண்டுபோக முடியாது.

முதலாம் வருடம்: மூன்று வரிக் கொப்பி

முதல் ஆறு மாதம் பலருக்கும் அழுகைதான். உடற்கூற்றியல், உடற்றொழிலியல், நுண்ணுயிரியல், அடிப்படைத் தாதியியல், போசாக்கு என்று எல்லாம் ஒன்றாக வந்து விழும். தமிழில் உயர்தரம் படித்தவருக்கு ஆங்கிலப் புத்தகம் மலை மாதிரி நிற்கும். இந்தக் கட்டத்தில் நோட்ஸைப் பாடமாக்கி ஒப்புவிக்கப் பழகினால் மூன்று வருடமும் அப்படியே போய்விடும்.

நான் செய்தது இதுதான். சட்டைப் பைக்குள் அடங்குகிற ஒரு சின்னக் கொப்பி. ஒவ்வொரு விஷயத்துக்கும் மூன்று வரி. முதல் வரியில் நோயாளி சொன்ன வார்த்தை, அவர் சொன்னபடியே. இரண்டாவது வரியில் அதற்குரிய மருத்துவச் சொல். மூன்றாவது வரியில் நான் உடனே பார்க்க வேண்டியது, கேட்க வேண்டியது.

"வயித்தைப் பிரட்டுது" என்றால் நோசியா. சத்தி எடுத்தாரா, எத்தனை தரம், என்ன நிறம், கடைசியாக என்ன மருந்து கொடுத்தது?

"சலம் கடுக்குது" என்றால் டிஸ்யூரியா. காய்ச்சல் இருக்கிறதா, சலக்குழாய் போட்டு எத்தனை நாள், சலம் கலங்கி இருக்கிறதா?

"குலைப்பன் காய்ச்சல்" என்றால் ரைகர். வெப்பநிலை, நாடித்துடிப்பு, பிரசர். இரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது குலைப்பன் வந்தால் முதலில் இரத்தத்தை நிறுத்து, பிறகு மற்றதெல்லாம்.

"கால் விறைக்குது" என்றால் பாரஸ்தீசியா. மாவுக்கட்டுப் போட்ட காலா? விரலை அசைக்க முடிகிறதா, நிறம் மாறியிருக்கிறதா, தொட்டால் குளிர்கிறதா?

"அந்தரமாக் கிடக்கு" என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல் கிடையாது. அதனால்தான் அது ஆபத்தான வார்த்தை. சீனி இறங்கியிருக்கலாம், இரத்தம் போய்க்கொண்டிருக்கலாம், ஒட்சிசன் குறைந்திருக்கலாம். வயதானவர்களிலும் நீரிழிவுக்காரரிலும் நெஞ்சு நோகாமலே மாரடைப்பு வரும், அதுவும் இப்படித்தான் தொடங்கலாம். தொட்டுப் பார், நாடி பார், பிரசர் பார், ஒட்சிசன் பார், சீனி பார். எல்லாம் சரியென்று டொக்டரும் பார்த்த பிறகுதான் மனப்பதற்றமோ என்று யோசிக்கலாம்.

ஒரு நாளைக்கு மூன்று பதிவு போதும். ஒரு வருடத்தில் உங்கள் கையில் சொந்த அகராதி ஒன்று இருக்கும். எந்தக் கடையிலும் வாங்க முடியாத அகராதி.

நமக்கு இது புதிதும் அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் இருந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவர்களை வைத்தியர்களாகப் பயிற்றியவர். அவர் பெயரில் அங்கே இன்றும் ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்த ஊரில் மருத்துவத்தைத் தமிழில் யோசித்துப் பார்த்த ஒரு மரபு உண்டு. அதனால் முதலில் தமிழில் விளங்கிக்கொள்வதை வெட்கமாக எடுக்காதீர்கள். விளங்கின பிறகு ஆங்கிலச் சொல்லைக் கட்டாயம் ஏற்றுங்கள். விளங்காமல் ஏற்றிய ஆங்கிலம் தேர்வு மண்டபத்தில் மறந்துபோகும்.

வாட்டுக்குப் போகும்போது

வாட்டில் மாணவர்களை வேலைக்கு மட்டும் பாவிக்கிறார்கள் என்ற குறை எல்லாச் செட்டிலும் இருக்கும். சில இடங்களில் அது உண்மையும்தான். ஆனால் கட்டில் விரிக்கும்போதும் உடம்பு துடைக்கும்போதும்தான் படுக்கைப்புண் தொடங்குகிற சிவப்பு கண்ணில் படும். விரலால் அழுத்திப் பாருங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் அது முதலாம் நிலைப் புண். இதைப் புத்தகத்தில் பத்துத் தரம் வாசித்தாலும் பதியாது, ஒருதரம் அழுத்திப் பார்த்தால் மறக்காது.

ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு நோயாளியை மட்டும் தெரிந்தெடுங்கள். அவருடைய பி.எச்.ரியை, அதாவது கட்டிலோடு இருக்கிற நோயாளிக் குறிப்பேட்டை, முதல் பக்கத்திலிருந்து வாசியுங்கள். என்ன வருத்தம், என்ன மருந்து, ஏன் அந்த மருந்து, எந்தச் சோதனை முடிவு மாறியிருக்கிறது? அன்று இரவே அவருக்கு ஒரு தாதியப் பராமரிப்புத் திட்டம் எழுதுங்கள்: மதிப்பீடு, தாதியக் கண்டறிவு, திட்டமிடல், செயற்படுத்தல், மீள்மதிப்பீடு. பெயரையும் கட்டில் இலக்கத்தையும் கொப்பியில் எழுத வேண்டாம், அது அவருடைய அந்தரங்கம். வாரத்துக்கு இரண்டு என்று எழுதினாலே மூன்று வருடத்தில் முந்நூறு நோயாளிகள். பிரிட்டனின் செய்முறைத் தேர்வில் நான்கு நிலையங்கள் இதே வரிசையில்தான் வருகின்றன என்பது பிற்காலத்தில் தெரியவந்தபோது, அந்தக் கொப்பிகளை எறியாமல் வைத்திருந்ததற்காக அம்மாவுக்கு நன்றி சொன்னேன்.

போதனா வைத்தியசாலையோடு நிற்காமல், தெல்லிப்பழைப் புற்றுநோய்ப் பிரிவு, மந்திகை, சாவகச்சேரி என்று எங்கே அனுப்பினாலும் மனதோடு போங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போகிற காலத்தைச் சிலர் ஓய்வுக்காலமாக எடுக்கிறார்கள். குடும்பநல மாதுவோடு நாலு வீடு ஏறி இறங்கிப் பாருங்கள். ஒரு தாய்க்குப் பாலூட்டலைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது அங்கேதான் பிடிபடும். நோயாளிக்கு விளங்கப்படுத்துவது பற்றிய கேள்வி இல்லாத உரிமப் பரீட்சை கிடையாது.

கணக்கு: இதற்குத் தனி நேரம் வேண்டும்

உயிரியல் படித்தவர்கள் கணக்கைக் கண்டு பயப்படுவது வழமை. ஆனால் மருந்துக் கணக்கு ஆறாம் வகுப்புக் கணக்குத்தான். தினமும் ஐந்து கணக்கு, அவ்வளவுதான்.

தேவையான அளவை, கையில் உள்ள அளவால் பிரித்து, அது இருக்கிற மில்லிலீற்றரால் பெருக்குங்கள். 375 மில்லிகிராம் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. போத்தலில் 10 மில்லிலீற்றருக்கு 500 மில்லிகிராம். 375ஐ 500ஆல் பிரித்தால் 0.75, பத்தால் பெருக்கினால் 7.5 மில்லிலீற்றர்.

சேலைன் துளிக்கு, மொத்த மில்லிலீற்றரைச் செட்டின் துளி எண்ணால் பெருக்கி, மொத்த நிமிடத்தால் பிரியுங்கள். 500 மில்லிலீற்றர், 4 மணித்தியாலம், ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழுகிற செட். 10,000ஐ 240ஆல் பிரித்தால் 41.67, அதாவது நிமிடத்துக்கு 42 துளி. குழந்தைகளுக்குப் போடுகிற 60 துளிச் செட்டில் மணித்தியாலத்துக்கு எத்தனை மில்லிலீற்றரோ, நிமிடத்துக்கு அத்தனை துளி. இதை ஒருதரம் செய்து பார்த்து ஏன் அப்படி வருகிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

14 கிலோக் குழந்தைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் பரசிற்றமோல் என்றால் 210 மில்லிகிராம். பாணியில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்றால் 8.75 மில்லிலீற்றர். விடை வந்ததும் ‘இது நடக்கிற காரியமா?’ என்று உங்களையே கேளுங்கள். ஒரு சின்னக் குழந்தைக்கு 87 மில்லிலீற்றர் பாணி என்று விடை வந்தால் தசம் இடம் மாறியிருக்கிறது. இந்த ஒரு கேள்வி வாட்டில் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

இரண்டாம், மூன்றாம் வருடம்: யாரை முதலில் பார்ப்பது

இங்கேதான் படிப்பு சூடு பிடிக்கும். நோய்கள் ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றையும் ‘காரணம், அறிகுறி, சிகிச்சை’ என்று பட்டியல் போட்டுப் பாடமாக்குவதை விட, கதையாக வைத்துப் படியுங்கள். மாரி மழையோடு நம் வாட்டுகள் டெங்கு நோயாளிகளால் நிரம்பும் அல்லவா? அதையே எடுப்போம்.

24 வயதுப் பெடியன். நாலாம் நாள். காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. அம்மாவும் அக்காவும் சந்தோஷமாக, "காய்ச்சல் இல்லை, துண்டு வெட்டித் தாங்கோ மிஸ்" என்று வீட்டுக்கு விடச் சொல்லிக் கேட்கிறார்கள். பிரசர் 100க்கு 84. பெடியன் "களைப்பாக் கிடக்கு, வயிறு நோகுது" என்கிறான். விடியத்திலிருந்து சலம் போகவில்லை.

முதல் படி, குறிகளைக் காண்பது. காய்ச்சல் விட்டது, வயிற்று நோ, சலம் இல்லை, மேல் பிரசருக்கும் கீழ்ப் பிரசருக்கும் இடைவெளி 16. இரண்டாவது, குறிகளைக் கோப்பது. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குகிற நேரம். இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை. மேல் பிரசர் 100 இருக்கிறதே என்று ஆறுதல்படுகிற மாணவர் இங்கேதான் தவறுவார். மூன்றாவது, எது முதன்மை? வயிற்று நோவை விட இரத்த ஓட்டம் முந்தியது. நான்காவது, என்ன செய்யலாம்? ஐந்தாவது, செய்வது: உடனே டொக்டரைக் கூப்பிடுவது, கை கால் குளிர்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, ஊசிவழி திறந்திருக்கிறதா என்று உறுதிப்படுத்துவது, சொன்ன திரவத்தைச் சொன்ன வேகத்தில் மட்டும் ஏற்றுவது, போவது வருவது அளந்து எழுதுவது. நோவுக்கு என்று டைக்ளோபினக் போன்ற மருந்து கொடுக்கவே கூடாது. ஆறாவது, மீண்டும் பார்ப்பது: இடைவெளி கூடியதா, சலம் வந்ததா?

இந்த ஆறு படியும் நான் இட்டுக் கட்டியதல்ல. அமெரிக்கத் தாதியர் உரிமப் பரீட்சையான என்கிளெக்ஸின் (NCLEX), 2023 ஏப்ரலில் தொடங்கிய புதிய வடிவத்தின் முதுகெலும்பே இந்த ஆறு படிதான். அதாவது அமெரிக்கத் தேர்வு கேட்கப்போவதை ஒரு டிசம்பர் மாதத்து வாட் உங்களுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறது. இதே மாதிரிப் பாம்புக்கடிக்கும் எழுதிப் பாருங்கள். சுருட்டை கடித்தவருக்கு 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை ஏன், எதிர்விஷம் ஏறும்போது அட்ரினலின் ஏன் பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ‘ஏன்’ ஆக.

நான்கு நோயாளிகளைத் தந்து யாரை முதலில் பார்ப்பாய் என்று கேட்டால், மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசை முதலாவது. அடுத்தது, திடீரென்று மாறியவர் நெடுநாள் வருத்தக்காரருக்கு முன். சத்தம் போடுகிறவரை விட, திடீரென்று சத்தம் அடங்கியவரைப் பற்றிக் கவலைப்படுங்கள்.

இறுதித் தேர்வும் தாதியர் சபைப் பதிவும்

இறுதித் தேர்வுக்கு மூன்று மாதம் முந்தியே பழைய வினாத்தாள்களை எடுத்து, நேரம் வைத்து, கையால் எழுதுங்கள். வாசிப்பது போதாது. நாலு பேர் சேர்ந்து ஒருவர் தாளை ஒருவர் திருத்துங்கள். கூட்டாளியின் விடையில் பிழை பிடிக்கிறபோது நமக்கு விளங்குகிறது மாதிரி வேறு எதிலும் விளங்காது. செய்முறைத் தேர்வுக்கு, ஒவ்வொரு செயலையும் வாயால் சொல்லிக்கொண்டே செய்து பழகுங்கள்: கை கழுவுகிறேன், பெயர் கேட்டு உறுதிப்படுத்துகிறேன், ஒவ்வாமை கேட்கிறேன், திரை இழுக்கிறேன். ஹொஸ்டலில் தலையணையை நோயாளியாக்கிப் பழகியவர்கள்தான் பரீட்சகர் முன் கை நடுங்காமல் நின்றார்கள்.

தேர்ச்சி பெற்றதும் இலங்கை தாதியர் சபையில் பதிவு. 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது இந்தச் சபை. பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. வெளிநாட்டுச் சபைகளும் பிற்காலத்தில் உங்கள் பதிவை இந்தச் சபையிடமே நேரடியாகக் கேட்டு உறுதிப்படுத்தும். அதனால் விலாசம், பெயர் எல்லாம் அங்கே சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பெயர், தாள், முத்திரை

இது படிப்பில் சேராத விஷயம் மாதிரித் தெரியும். ஆனால் என் கூட்டாளிகளில் தேர்வில் தவறியவர்களை விட, தாளில் இழுபட்டவர்கள் அதிகம்.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பாவின் பெயர் முன்னுக்கு, நம் பெயர் பின்னுக்கு. பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஆங்கிலத்தில் இன்னொரு மாதிரி, உயர்தரச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும், கடவுச்சீட்டில் எல்லாம் சேர்ந்து நீளமாக. நமக்கு இது ஒரே ஆள். வெளிநாட்டில் கோப்பைப் பார்க்கிறவருக்கு நாலு ஆள். ஒரு எழுத்து வித்தியாசத்தால் ஒரு வருடம் போனவர்கள் இருக்கிறார்கள். மாணவராக இருக்கும்போதே ஆங்கில எழுத்துக் கூட்டல் ஒன்றைத் தீர்மானித்து, கல்லூரிப் பதிவு, சபைப் பதிவு, கடவுச்சீட்டு மூன்றிலும் அதையே கொடுங்கள். வித்தியாசம் ஏற்கெனவே வந்துவிட்டதென்றால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கும்போது, கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக் கூட்டலைக் காட்டிக் கொடுங்கள்.

கல்லூரியை விட்டு வெளியேற முதல் மூன்றைக் கையோடு வாங்குங்கள்: பாடவாரிப் புள்ளிகள், பாடத்திட்டத்தின் விரிவு, ஒவ்வொரு துறையிலும் வாட்டில் செய்த மணித்தியாலக் கணக்கு. பத்து வருடம் கழித்துக் கேட்டால் யார் எடுத்துத் தருவார்? சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்த வெளிவிவகார அமைச்சின் பிராந்தியக் கொன்சியூலர் அலுவலகம் யாழ்ப்பாணம் மாவட்டச் செயலகத்திலேயே இருக்கிறது. அதற்காகக் கொழும்புக்கு பஸ் ஏறத் தேவையில்லை. இடம்பெயர்வில் எல்லாத் தாளையும் தொலைத்துவிட்டு நின்ற குடும்பங்கள் நம்முடையவை. ஸ்கேன் செய்து இரண்டு இடத்தில் வையுங்கள்.

வெளிநாட்டு உரிமப் பரீட்சை: எந்த நாடு, எந்தத் தேர்வு

"கனடாவிலை மாமா இருக்கிறார், லண்டனிலை அக்கா இருக்கிறா" என்று தொடங்குகிற கதை நம் வீடுகளில் எல்லாம் உண்டு. போவதும் நிற்பதும் உங்கள் விருப்பம். நான் நின்றவள். போகிறவர்களை ஒருபோதும் குறை சொன்னதில்லை. ஆனால் சொந்தக்காரர் இருக்கிற நாட்டை வைத்து மட்டும் தீர்மானிக்காமல், தேர்வையும் செலவையும் பார்த்துத் தீர்மானியுங்கள்.

பிரிட்டனுக்கு முதலில் ஆங்கிலம். ஐ.ஈ.எல்.ரி.எஸ் அகாடமிக்கில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5. அல்லது சுகாதாரத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.ஈ.ரியில் மூன்றுக்கு பி, எழுதுதலுக்கு சி பிளஸ். என்னிடம் கேட்டால் ஓ.ஈ.ரி என்றுதான் சொல்வேன். அதில் வருவது வாட்டும் நோயாளியும் அனுப்புகைக் கடிதமும். நம் உலகம். பிறகு சி.பி.ரி என்ற கணினித் தேர்வு. முதல் பகுதியில் 15 கணக்கு, 30 நிமிடம். இரண்டாவதில் 100 கேள்வி, இரண்டரை மணித்தியாலம். அதன்பின் அங்கே போய் ஒஸ்கி என்ற செய்முறைத் தேர்வு, 10 நிலையங்கள். பராமரிப்புத் திட்டத்தின் நான்கு, செய்திறன் நான்கு, எழுத்தில் மட்டும் செய்கிற இரண்டு. அதற்கு நியூஸ் 2 அட்டவணையை, அதாவது நாடி, பிரசர் போன்றவற்றுக்குப் புள்ளி போட்டு நோயாளி மோசமாவதை முன்கூட்டியே காட்டுகிற அட்டவணையை, தூக்கத்திலும் நிரப்பத் தெரிய வேண்டும். மொத்தம் 5 வந்தால் அவசரமாக டொக்டர் பார்க்க வேண்டும், 7 வந்தால் உயிராபத்து நிலை.

அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் என்கிளெக்ஸ் ஆர்.என். கியூபெக் மாகாணத்தின் வழி மட்டும் வேறாக இருந்து வந்தது. அவுஸ்திரேலியாவும் நம்மைப் போன்றவர்களிடம் கேட்பது இதே என்கிளெக்ஸைத்தான், பிறகு அங்கே போய் ஒஸ்கி. என்கிளெக்ஸில் ஆகக் குறைந்தது 85 கேள்வி, ஆகக் கூடியது 150, நேரம் 5 மணித்தியாலம். நீங்கள் சரியாகச் செய்யச் செய்யக் கேள்வி கடினமாகும். அதனால் ‘எல்லாம் கஷ்டமாக வருகிறதே’ என்று மண்டபத்தில் மனம் உடையாதீர்கள், அது நல்ல குறியாகவே இருக்கலாம். விட்ட கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது. கட்டணம் 200 அமெரிக்க டொலர், வெளிநாட்டில் எழுதினால் மேலும் 150. மையம் தேடி இந்தியா போகிறவர்கள் பயணச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

வளைகுடா நாடுகளில் டேட்டாஃப்ளோ என்ற சான்றிதழ்ச் சரிபார்ப்பும், நாட்டுக்கு நாடு வேறுபடுகிற கணினித் தேர்வும் உண்டு. தேர்வு மற்றவற்றை விட இலகு, சரிபார்ப்புத்தான் இழுக்கும். எந்த நாட்டுக்கு வேலைக்குப் போனாலும், முகவர் நிலையத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பார்த்துவிட்டு மட்டும் கையெழுத்து வையுங்கள். பிரிட்டனுக்கு ஆள் எடுப்பவர் ‘வேலை தேடித் தந்த காசு’ என்று உங்களிடம் கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். அந்த நாட்டின் ஆட்சேர்ப்பு விதி அதை அனுமதிக்கவில்லை.

நமக்கென்றே வருகிற தடுமாற்றங்கள் சில உண்டு. நம் பரசிற்றமோல், வீட்டில் சொல்கிற பனடோல், அமெரிக்கத் தேர்வில் அசிட்டமினோஃபென். அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின். சல்பியூற்றமோல் அல்பியூட்டரோல். பெத்திடின் மெபெரிடின். கிளிபென்கிளமைட் கிளைபுரைட். பிரிட்டனில் மருந்துப் பெயர்கள் நம்முடையவைதான், ஆனால் சீனியை மில்லிமோலில் அளப்பார்கள். நம் எண்ணை 18ஆல் பிரியுங்கள். 72 என்றால் 4. காய்ச்சலை அங்கே செல்சியஸில் சொல்வார்கள், பாரன்ஹீட் 100.4 என்பது 38. இன்னொன்று, பொறுப்பைப் பகிர்வது. நாம் உதவியாளர் அக்காவிடம் பல வேலைகளைச் சொல்லிப் பழகியவர்கள். என்கிளெக்ஸில் மதிப்பிடுவது, கற்பிப்பது, பலனைக் கணிப்பது மூன்றையும் உதவியாளரிடம் கொடுத்தால் விடை பிழை. நம் வாட்டில் ‘டொக்டரைக் கூப்பிடு’ என்பது பல இடத்தில் முதல் விடை. அங்கே அநேகமாக, அதற்கு முன் நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கும். தலையை உயர்த்துவது, ஒட்சிசன் வைப்பது, ஏறுகிற இரத்தத்தை நிறுத்துவது.

வேலை செய்துகொண்டே படிப்பது

காலை 7 முதல் 1, பின்னேரம் 1 முதல் 7, இரவு 7 முதல் விடிய 7. இதற்குள் எப்படிப் படிப்பது? இரவு வேலை முடிந்த நாளில் படிக்கவே வேண்டாம், நித்திரை கொள்ளுங்கள். காலை வேலை நாளில் பின்னேரம் இரண்டு மணித்தியாலம். பின்னேர வேலை நாளில் காலையில் மூன்று. இப்படி நாலைந்து மாதம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 50 கேள்வி, ஆனால் கேள்விக்குச் செலவிட்ட நேரத்தின் இரண்டு மடங்கை விளக்கத்துக்குச் செலவிடுங்கள். சரியாகச் செய்த கேள்விக்கும் ஏன் மற்ற மூன்று விடையும் பிழை என்று சொல்லத் தெரிய வேண்டும். பிழைத்தவற்றை அந்த மூன்று வரிக் கொப்பியிலேயே எழுதுங்கள். ஏன் பிழைத்தேன் என்பதையும்: தெரியாததாலா, கேள்வியை வாசிக்காமல் விட்டதாலா, நம் வாட் பழக்கத்தாலா? மூன்றாவது வகை எனக்கு ஆகக் கூட வந்தது.

கல்யாணம் முடித்த, பிள்ளை உள்ள தங்கைமாருக்கு: வீட்டாருக்குத் தேதியைச் சொல்லிவிடுங்கள். ‘இத்தனையாம் திகதி வரைக்கும் பின்னேரம் இரண்டு மணித்தியாலம் என்னைக் கூப்பிடாதேங்கோ’ என்று. ஒளித்துப் படித்தால் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

தேர்வு நாளும் அதற்குப் பிறகும்

கொழும்பில் தேர்வு என்றால் முதல் நாள் பகலிலேயே போய்ச் சேருங்கள். இரவு பஸ்ஸில் 400 கிலோமீற்றர் இருந்தபடி தூங்கி, வெள்ளவத்தையில் இறங்கி முகம் கழுவிவிட்டு நேராக மண்டபத்துக்குப் போனவர்களின் நிலைமையைப் பார்த்திருக்கிறேன். கடவுச்சீட்டில் உள்ள பெயரும் தேர்வுப் பதிவுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒரு கிழமை முந்தியே பாருங்கள். முதல் நாள் புதிதாக எதுவும் படிக்க வேண்டாம்.

கேள்வியை வாசித்ததும் விடைகளைப் பார்க்க முதல் ஒரு நொடி நில்லுங்கள். இந்த நோயாளி நம் ஊர் அம்மாவாக இருந்தால் என்ன வார்த்தை சொல்லியிருப்பார்? அதை மனதுக்குள் கேட்டால், ஆங்கில வரிகளுக்கு நடுவில் ஓர் ஆள் தெரிவார். பிறகு விடை தெரியும்.

தவறினால் என்கிளெக்ஸை 45 நாள் கழித்துத் திரும்ப எழுதலாம். தவறியவருக்கு ஒரு அறிக்கை வரும். ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் தேர்ச்சி மட்டத்துக்கு மேலேயா, கிட்டவா, கீழேயா என்று அதில் இருக்கும். கீழே என்று வந்த பகுதியைத்தான் எல்லாரும் முதலில் தூக்குவார்கள். நான் ‘கிட்ட’ என்று வந்தவற்றை முதல் இரண்டு கிழமை படிக்கச் சொல்வேன், அவை கெதியாக மேலே வரும். கீழே உள்ளவற்றுக்கு மிச்ச நாட்களில் புத்தகத்திலிருந்து தொடங்காமல், அந்த வருத்தம் உள்ள ஒரு நோயாளியை வாட்டில் தேடிப் பிடியுங்கள். அவருடைய பி.எச்.ரியைத் திறந்து, பக்கத்தில் இருந்து, "எப்பிடியம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்கிற முதல் வார்த்தையை அப்படியே எழுதுங்கள்.